இடிக்காமல் எடுத்த வீடு
(தோட்டத்துக் கூட்டமொன்றில் நாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில பெரட்டுக்குப் போய், மலையேறி, கொழுந்து நிறுத்து, வீட்டு வேலையும் பார்த்துவிட்டு இந்த நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறீங்க. அதனால் முகவுரை வேண்டாம், நேரே விசயத்துக்கு வருகிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு பழைய சின்ன வீட்டை ஒரு குடும்பம் எப்படித் திருத்தி எடுத்துக் குடியேறியது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறோம்.

"யாழ்ப்பாணத்து வீட்டுக்கும் நம்ம லயத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நீங்க கேட்பது நியாயம். சம்பந்தம் இருக்கிறது. அதைக் கதை போகிற போக்கில் சொல்லுவோம்.

யாழ்ப்பாணத்து வீடு என்றால் நமக்கு ஞாபகம் வருவது நாற்சார் வீடுதான். நடுவில் முற்றம், சுற்றிவர விறாந்தை, பெரிய தூண்கள், வாசலில் கூரை போட்ட சங்கடப்படலை. படம் பிடிக்கிறவர்களும் அதைத்தான் பிடிக்கிறார்கள். ஆனால் குடாநாட்டில் எல்லாரும் அப்படி வாழ்ந்தவர்கள் இல்லை. தோட்டம் செய்கிறவர், கடலுக்குப் போகிறவர், சீவல் தொழில் செய்கிறவர், சின்னச் சம்பளக்காரர் என்று பெருவாரியானவர்கள் வாழ்ந்தது சின்ன வீட்டில். ஓலை வேய்ந்து சாணம் மெழுகிய மண் வீடு ஒரு வகை. கொஞ்சம் கையில் காசு சேர்ந்தால் கல் வீடு. இரண்டு அறை, முன்னால் ஒரு விறாந்தை, கொஞ்சம் தள்ளித் தனியாக ஒரு குசினி, ஒரு கிணறு, சுற்றிவரப் பனையோலையோ கிடுகோ வைத்துக் கட்டிய வேலி. நாம் போய்ப் பார்த்தது அப்படி ஒரு கல் வீடு. அதை யாரும் படம் பிடிக்கமாட்டார்கள்.

இடம் வலிகாமம் வடக்கு. காங்கேசன்துறை, மயிலிட்டி, தெல்லிப்பழை எல்லாம் அந்தப் பக்கம்தான். 1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியபோது பலாலி இராணுவ முகாமைச் சுற்றியிருந்த ஊர்ச் சனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று நினைத்துப் போனவர்கள். அந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயம் ஆகிவிட்டன. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது இவர்கள் இரண்டாம் தடவை இடம்பெயர்ந்தார்கள். 1996 இல் மற்ற ஊர்க்காரர்கள் வீடு திரும்பினார்கள். வலிகாமம் வடக்குச் சனம் திரும்ப முடியவில்லை. யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. அதற்குப் பிறகுதான் காணி துண்டு துண்டாக விடப்பட்டது. சிலருக்கு 2010, 2011 இல். மயிலிட்டித் துறைமுகப் பக்கம் 2017 ஜூலையில். 2018 ஏப்ரலில் இன்னொரு 683 ஏக்கர்.

நாம் சொல்லும் குடும்பம் 2011 இல் திரும்பியது. 21 வருசம். அந்த அம்மா போகும்போது கைப்பிள்ளையோடு போனவர், வரும்போது அந்தப் பிள்ளைக்குக் கலியாண வயது. கணவர் இடையில் இறந்துவிட்டார்.

வந்து பார்த்தபோது கூரை இல்லை. கதவு இல்லை, யன்னல் இல்லை, நிலைகூட இல்லை. மரம் என்று இருந்ததெல்லாம் போய்விட்டது. சுவர் மட்டும் நின்றது. வடக்குப் பக்கச் சுவரில் ஓர் ஆலங்கன்று மரமாகி, வேர் கல்லுக்குள் புகுந்திருந்தது. அறைக்குள் வேம்பு. கிணற்றுக்குள் குப்பையும் கல்லும். காணி எல்லை எது, வேலி எது என்று தெரியாத பற்றைக்காடு.

"எங்கட வீடு எது எண்டு எனக்கே தெரியேல்லை பிள்ளையள். கிணத்துக்கட்டைப் பார்த்துத்தான் மட்டுக்கட்டினான்" என்றார்.

இங்கேதான் முக்கியமான இடம் வருகிறது, கவனமாகக் கேளுங்க. அந்தக் காலத்தில் இந்திய அரசாங்கத்தின் வீடமைப்பு உதவி வடக்கு கிழக்கில் தொடங்கியிருந்தது. மொத்தம் 50,000 வீடு. முதல் 1,000 வீட்டை ஒப்பந்தக்காரர் கட்டிக் கொடுத்தார்கள். அடுத்த கட்டம் 2012 இல் ஆரம்பமானபோது முறை மாறியது. காசு தவணை தவணையாக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே வரும். மேசனை அவரே பிடிப்பார், சாமானை அவரே வாங்குவார். வேலை நடக்க நடக்க வந்து பார்த்து அடுத்த தவணையை விடுவார்கள். முழுதாக அழிந்த வீட்டுக்கு 5,50,000 ரூபா. திருத்தக்கூடிய வீட்டுக்கு 2,50,000 ரூபா.

கணக்கு விளங்குதா? சுவர் நின்றால் இரண்டரை லட்சம், சுவர் விழுந்தால் ஐந்தரை லட்சம். அக்கம்பக்கத்தில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நாம் சொல்லத் தேவையில்லை. "உந்தச் சுவரைத் தள்ளி விழுத்திப்போட்டு முழுச் சேதம் எண்டு எழுதுவியுங்கோ" என்று பலபேர் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் செய்தவர்களை நாம் குறை சொல்ல வரவில்லை. 21 வருசம் அகதி வாழ்க்கை வாழ்ந்தவருக்குப் புது வீட்டு ஆசை வரும்தானே. ஆனால் ஐந்தரை லட்சத்தில் ஒரு வீடு முடிந்ததா? சீமெந்தும் மணலும் கூலியும் ஏறிக்கொண்டே போன காலம் அது. நகை அடகு வைத்தவர்கள், வட்டிக்கு எடுத்தவர்கள், பூச்சு இல்லாத சுவரோடு இன்றைக்கும் இருக்கிறவர்கள் எத்தனையோ பேர். புது வீடு வந்தது, அதோடு கடனும் வந்தது.

இந்த அம்மா சுவரைத் தள்ளவில்லை. காரணம் கேட்டோம். பெரிய தத்துவம் ஒன்றும் சொல்லவில்லை. "ஒண்டரை அடி மொத்தச் சுவர். இப்படி ஒண்டை இண்டைக்கு என்னாலை கட்டேலுமே?" அவ்வளவுதான்.

அந்தச் சுவர் என்ன சுவர் என்று கொஞ்சம் சொல்லவேண்டும். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல் பாறையின் மேல் இருக்கிறது. கிணறு வெட்டினாலே கல் வரும். அந்தக் கல்லை அடுக்கி, மண்ணும் சுண்ணாம்பும் குழைத்த சாந்தில் வைத்து, இடைவெளியில் சல்லிக்கல் செருகிக் கட்டுவது பழைய முறை. உள்ளே ஒரு துண்டு இரும்பு கிடையாது. வாசலுக்கு மேலே பனைமரத் துண்டு. கூரைக்கும் பனைதான். வைரம் பாய்ந்த முற்றிய பனையைப் பிளந்து செதுக்கிக் கைமரமும் சிலாகையும் எடுப்பார்கள். ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்துப் பனைமரம் கப்பலேறி வெளியூர் போயிருக்கிறது, அவ்வளவு பேர்போன மரம். கூரையின் மேலே முதலில் ஓலை, பிறகு வசதி வந்தவர்கள் ஓடு போட்டார்கள். மங்களூரில் பாசல் மிஷன்காரர் 1865 இல் தொடங்கிய தட்டோட்டுத் தொழில் இந்தியக் கரையோரம் முழுக்கப் பரவி, அந்த ஓடு கடல்வழியாக இலங்கைக்கும் வந்தது. நம்ம தோட்டத்துப் பழைய பங்களாக்களில் சிலதில் அந்த மாதிரி ஓட்டை நீங்களும் பார்த்திருப்பீங்க.

வேடிக்கை என்னவென்றால், காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலையே இருந்தது. 1950 இல் தொடங்கியது. அதே சுண்ணாம்புக்கல்லைத் தோண்டி எரித்துத்தான் சீமெந்து செய்தார்கள். அது வந்தபிறகு சுண்ணாம்புச் சாந்து போட்டுக் கட்டுகிற மேசன்மார் குறைந்தார்கள். 1990 இல் யுத்தத்தோடு தொழிற்சாலை நின்றது. அடுத்து வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டுக்குச் சீமெந்து கொண்டுபோவதே தடை. தொழிற்சாலை இருந்த ஊருக்குச் சீமெந்து இல்லை!

சரி, வீட்டு வேலைக்கு வருவோம். திரும்பி வந்தவுடன் மண்வெட்டியைத் தூக்கவில்லை. கண்ணிவெடி, வெடிக்காத குண்டு எதுவும் இல்லை என்று துப்புரவாக்கிய பிறகுதான் காணிக்குள் இறங்கலாம். கிணற்றுக்குள் இறங்கவும் அப்படித்தான்.

அடுத்தது உறுதி. காணி உறுதிப் பத்திரத்தைச் சொல்கிறோம். யாழ்ப்பாணத்தில் தேசவழமைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 1707 இல் ஒல்லாந்தர் எழுதி வைத்தது. வீடும் காணியும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது அங்கே வழக்கம். இந்த வீடும் அந்த அம்மாவுக்கு அவருடைய தாய் எழுதிக் கொடுத்த சீதன வீடு. ஓடிய ஓட்டத்தில் உறுதி தொலைந்துவிட்டது. ஆனால் நொத்தாரிசு எழுதிய உறுதிக்குக் காணிப் பதிவகத்தில் ஒரு பிரதி இருக்கும். நாள், நொத்தாரிசு பெயர், ஊர், எல்லை இவற்றில் ஏதாவது ஞாபகம் இருந்தால் தேடி எடுக்கலாம். அந்த அம்மாவுக்கு நொத்தாரிசுவின் பெயர் ஞாபகம் இருந்தது. பல நாள் பஸ்ஸில் அலைந்து பிரதியை எடுத்தார்.

உறுதி இல்லாவிட்டால் உதவித் திட்டத்தில் பெயர் எழுதுவதும் கஷ்டம், பக்கத்துக் காணிக்காரர் எல்லையைத் தள்ளினால் பேசுவதும் கஷ்டம். வேறொரு கஷ்டமும் உண்டு. பழைய வீடுகள் பலதும் பங்குக் காணியில் நிற்கின்றன. ஒரு பங்கு ஊரில், ஒரு பங்கு கொழும்பில், ஒரு பங்கு கனடாவில். எல்லாரும் சம்மதித்து, வெளிநாட்டில் இருப்பவர் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினால்தான் வேலை நடக்கும். அது நடக்காமல் இன்றைக்கும் கூரையில்லாமல் நிற்கிற நல்ல வீடுகளை ரோட்டோரமாகவே பார்க்கலாம். யுத்தத்தால் ஊரைவிட்டுப் போயிருந்தபோது வேறு ஆட்கள் காணியில் இருந்து உரிமை கேட்டால், உரியவர் வழக்குப் போட வசதியாக 2016 இல் 5ஆம் இலக்கச் சட்டம் ஒன்றும் கொண்டுவந்தார்கள். ஆகவே குடாநாட்டில் பழைய வீட்டுத் திருத்தம் மேசனிடம் தொடங்குவதில்லை, கடதாசியிடம் தொடங்குகிறது.

இனி வேலை. ஆலமரத்தை முதலில் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் வேரோடு சுவரும் வரும். மேலே வெட்டிவிட்டுச் சும்மா விட்டாலும் ஆறு மாதத்தில் மறுபடி தளிர்க்கும். அங்கே வயசான மேசன் ஒருவர் செய்ததைச் சொல்கிறோம். மரத்தை மட்டமாக வெட்டி, தளிர்க்கத் தளிர்க்கக் கிள்ளி, வேரைச் சாகவிட்டார். செத்த வேர் சுருங்கும். பிறகு அந்த இடத்துக் கல்லை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றி, இலக்கம் போட்டுத் தரையில் அடுக்கி, வேரை எடுத்துவிட்டு, அதே கல்லை அதே ஒழுங்கில் திருப்பி வைத்தார். பொறுமைதான் செலவு.

அடுத்தது கூரை. சுவர்ப் பூச்சு, நிலம், வெள்ளை எல்லாம் பிறகு. கூரை இல்லாத சுவருக்குள் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் மேலிருந்து இறங்கும், மண்சாந்து கரையும். இத்தனை மழைக்கு அந்தச் சுவர் நின்றதே பெரிய காரியம். நமக்கு மலையில் வருசத்தில் பாதி நாள் மழை. அங்கே மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டும், மிச்சக் காலம் காய்ச்சல். அதனால் புரட்டாதி முடியுமுன் கூரை ஏற வேண்டும் என்பது கணக்கு. ஆடியில் வேலை தொடங்கினார்கள்.

மரம் கிடைப்பதுதான் பெரும்பாடு. யுத்த காலத்தில் பதுங்கு குழிக்கும் காவலரணுக்கும் என்று இரண்டு பக்கமும் தறித்த பனைக்குக் கணக்கில்லை. இப்போது பனை தறிக்க அனுமதி எடுக்க வேண்டும். புதுப் பனைமரம் நிறைய விலை. அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? வேறு ஊரில் இடித்த ஒரு பழைய வீட்டின் கைமரங்களை வாங்கினார். பழைய பனைமரத்தில் சுவருக்குள் புதைந்திருக்கும் நுனிதான் முதலில் உக்கும். நடு மரம் இரும்பு மாதிரி இருக்கும். உக்கின நுனியை அறுத்துவிட்டு, நீளம் பத்தாததற்கு ஒட்டுப் போட்டு, விறாந்தைப் பக்கம் கட்டையான மரங்களைப் பாவித்தார்கள். ஒரு மரம்கூடக் குப்பைக்குப் போகவில்லை.

ஓடும் பழசுதான் வாங்கினார்கள். பழைய ஓட்டை எப்படிப் பார்த்து எடுப்பது என்று அந்த மேசன் காட்டித் தந்தார். ஓட்டை ஒரு கையில் தொங்கப் பிடித்து விரல் முட்டியால் தட்டுங்க. மணி மாதிரி "கிண்" என்றால் நல்ல ஓடு. "பொத்" என்றால் உள்ளே வெடிப்பு. மூன்றில் ஒன்று "பொத்" என்றுதான் சொன்னது. அதை எறியவில்லை, உடைத்து நிலத்துக்குக் கீழே போட்டார்கள்.

மலிவாக அஸ்பெஸ்டஸ் சீற் போடலாம் என்றும் யோசனை வந்திருக்கிறது. இந்த இடத்தில் ஒரு வார்த்தை உங்களுக்கு. அஸ்பெஸ்டஸ் சீற்றை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கிற தூசி நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. வருசங்கள் கழித்து நோயாக வரும், புற்றுநோயாகவும் வரலாம். நம்ம லயங்களிலும் வீடுகளிலும் அது நிறையவே இருக்கிறது. கூரையில் முழுதாக இருக்கிற சீற்றைத் தொடாமல் விடுங்க. கழற்றத்தான் வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் இறக்குங்க. உடைந்த துண்டில் பிள்ளைகளை விளையாட விடாதீங்க.

கூரை ஏறினபிறகு சுவர். இங்கே ஒரு சண்டை நடந்திருக்கிறது. இளம் மேசன் ஒருவர் சீமெந்துப் பூச்சுப் பூசிவிடலாம், ஒரு கிழமையில் வேலை முடியும் என்றார். வயசானவர் விடவில்லை. அவர் சொன்ன காரணத்தை நம்ம பாசையில் சொன்னால் இப்படி. பழைய கல்லும் மண்சாந்தும் நிலத்து ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், வெயிலில் திருப்பி விடும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைப் போகவிடும். சீமெந்து இறுக்கமாக மூடிக்கொள்ளும். போக வழியில்லாத ஈரம் உள்ளேயே நின்று, உப்பைக் கூட்டிக்கொண்டு வந்து, நாலைந்து வருசத்தில் பூச்சைத் தள்ளிவிடும். விழும்போது கல்லின் முகத்தையும் உரித்துக்கொண்டு விழும். சீமெந்து கூடாத சாமான் என்று அவர் சொல்லவில்லை. புதுக் கல்லில் புது வீட்டுக்கு அது சரி. பழைய சுவருக்குப் பழைய மருந்து.

ஆனால் சுண்ணாம்புக்குக் காலம் வேண்டும். சுட்ட சுண்ணாம்பைக் குழியில் தண்ணீர் விட்டு நீற்ற வேண்டும். கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பிள்ளைகளைக் கிட்ட விடக்கூடாது. நீற்றிய சுண்ணாம்பைக் கிழமைக் கணக்கில் ஊற விட்டு, மணல் சேர்த்து மிதித்து அடித்துக் குழைக்க வேண்டும். அந்தக் காலத்தில் பனங்கட்டித் தண்ணீரும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்ப்பார்களாம். பூசின பிறகும் ஈரச் சாக்குப் போட்டு மெல்ல மெல்லக் காயவிட வேண்டும். சீமெந்து தண்ணீரால் இறுகும், சுண்ணாம்பு காற்றால் இறுகும், அதனால் நாள் எடுக்கும். மணலுக்கும் சிக்கல். கடற்கரை மணலில் உப்பு இருக்கும், கழுவாமல் பாவித்தால் சுவரில் வெள்ளை பூக்கும். தண்ணீரும் உவர்க் கிணற்றுத் தண்ணீராக இருக்கக் கூடாது. முன்பு சுண்ணாம்புக்குக் கடலில் முருகைக்கல்லும் எடுத்தார்கள். இப்போது கடலில் பவளப்பாறையை உடைப்பது சட்டப்படி குற்றம், மீன் வளமும் அதோடு போய்விடும்.

உள்நிலம் சீமெந்து போட்டார்கள். குசினி புதிதாக ஒரு பத்தி இறக்கிக் கட்டினார்கள். பழைய காலத்தில் கக்கூஸ் வளவின் கோடியில் இருக்கும். இப்போது கிட்டக் கட்டலாம், ஆனால் கிணறு இருக்கிறதே. சுண்ணாம்புப் பாறையில் வெடிப்பும் பொந்தும் அதிகம், குழியில் இறங்குகிற தண்ணீர் வடிபடாமல் நேரே கிணற்றுக்குப் போய்விடும். குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, கிணறுதான் உயிர். அதனால் குறைந்தது 50 அடி தள்ளி, வளவின் மற்றக் கரையில் கட்டினார்கள். கிணற்றைத் துப்புரவாக்கி, பலமுறை இறைத்து, மருந்து போட்டு, தண்ணீரைப் பரிசோதித்த பிறகுதான் குடித்தார்கள்.

இரண்டரை லட்சம் போதுமா? போதவில்லை. மகன் ஒரு வருசக் கூலியைப் போட்டான், வெளிநாட்டில் இருக்கும் தம்பி கொஞ்சம் அனுப்பினார். கல் கழற்றியதும் மண் சுமந்ததும் வீட்டு ஆட்கள்தான். ஆனால் கடைசியில் கடன் இல்லை. பின் அறைக்கு நாம் போனபோதும் கதவு இல்லை, சேலைதான் தொங்கியது. "அது வரும், ஓடிப்போகாது" என்றார் அம்மா.

இப்போ நீங்க தொடக்கத்தில் கேட்ட சம்பந்தத்துக்கு வருவோம். நம்ம காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு. முன்னால் ஓர் இஸ்தோப்பு. நூறு வருசத்தைத் தாண்டின லயங்கள் எத்தனை! அந்த அம்மாவின் வீட்டை விடப் பழசு. பல பழைய லயத்துச் சுவரும் கருங்கல்லை மண்ணிலும் சுண்ணாம்பிலும் வைத்துக் கட்டின நல்ல சுவர்தான். நம்ம ஆட்களுக்குக் கைவேலை தெரியாதா? ரோட்டும் பாலமும் இந்த மலையில் கல் அடுக்கின வேலிகளும் யார் போட்டது? அப்படியிருந்தும் ஒழுகுகிற தகரத்தை மாற்ற நாம் தோட்டத்து ஆபீசில் எழுதிக் கொடுத்துக் காத்திருக்கிறோம். ஏன்? லயம் நம்ம பேரில் இல்லை. ஒரு சுவரைத் தள்ளினால் கேள்வி, ஒரு அறை இறக்கினால் கேள்வி. வேலையை விட்டால் காம்பராவுக்கே கேள்வி. பக்கத்துக் காம்பராக்காரர் இணங்காவிட்டால் ஒரே கூரையில் பாதியை எப்படி மாற்றுவது? அந்த அம்மா 21 வருசம் வீட்டில் இல்லை. ஆனாலும் வீடு அவருடையது. நாம் ஐந்தாறு தலைமுறையாக உள்ளேயே இருக்கிறோம்.

இப்போ தனி வீடுகள் வருகின்றன. அதே இந்திய உதவித் திட்டத்தில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு 4,000 வீடு ஒதுக்கினார்கள். 2017 மே 12 இல் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டுக்கு வந்தபோது இன்னும் 10,000 என்று அறிவித்தார். அப்போது வீட்டோடு 7 பேர்ச் காணி என்றார்கள். 7 பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. யாழ்ப்பாணத்தில் மேட்டுக் காணியைப் பரப்புக் கணக்கில் சொல்லுவார்கள், ஏக்கருக்கு 16 பரப்பு, அதாவது ஒரு பரப்பு 10 பேர்ச். அந்த 7 பேர்ச் ஒரு பரப்பும் இல்லை. சின்னதுதான். ஆனால் அதற்கு உறுதி இருந்தால் அது வேறு விசயம்.

ஆகவே தனி வீடு கிடைத்தவர்களும் பெயர் எழுதியிருப்பவர்களும் முதலில் கேட்க வேண்டியது சாவியை மட்டும் இல்லை. உறுதி யார் பேரில், பதிவு செய்தாயிற்றா, பதிவு இலக்கம் என்ன, புருசன் பெஞ்சாதி இரண்டு பேருடைய பெயரும் இருக்கிறதா என்று கேளுங்க. எழுதியதைப் படிக்கத் தெரியாவிட்டால் படித்த பிள்ளையைக் கூட்டிப் போங்க. பிரதி எடுத்து ஒன்றைத் தகரப்பெட்டியிலும் ஒன்றை வேறு வீட்டிலும் வையுங்க. மலை சரிகிற நாட்டில் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. நொத்தாரிசு பெயரையும் நாளையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்க. அந்த அம்மாவைக் காப்பாற்றியது அந்த ஞாபகம்தான்.

லயத்திலேயே இருக்கிறவர்களுக்குச் சின்ன வேலைகள். பின்பக்கக் காணைத் தூர்க்கவிடாதீங்க, சுவருக்கு அடியில் தண்ணீர் நின்றால் எந்தச் சுவரும் நிற்காது. கூரைப் பீலி உடைந்தால் முதலில் அதைப் பாருங்க. சுவர் வெடிப்பில் முளைக்கிற செடியை விரலளவில் இருக்கும்போதே பிடுங்குங்க. மண்ணில் கட்டின பழைய சுவருக்குக் காசு போட்டுச் சீமெந்து பூசுமுன் ஒரு வயசான மேசனைக் கேளுங்க. திருத்த வேலையை ஆபீசில் வாயால் சொல்லாமல், எழுதிக் கொடுத்து நாள் போட்ட பிரதி வாங்குங்க. லயத்தில் எல்லாக் காம்பராவும் சேர்ந்து ஒரே கடதாசியாகக் கொடுத்தால் நல்லது.

அந்த வீட்டில் 2013 தையில் பால் காய்ச்சினார்கள். வருசா வருசம் பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடிக்கிறார்களாம். நாம் விறாந்தையில் உட்கார்ந்திருந்தபோது வெளியே நல்ல வெயில், உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. பேரப்பிள்ளை சுவரில் கரியால் படம் கீறிக்கொண்டிருந்தாள், அம்மா ஏசவில்லை.

உறுதிப் பிரதி எடுப்பது எப்படி, விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று கேட்க வேண்டியவர்கள் இப்பவே கேளுங்க. பின்னால் இருக்கிற அக்கா கையைத் தூக்குறாங்க, அவங்களிடமிருந்து தொடங்குவோம்.